கடைசி வரி வரை படிக்கிறார், பிறகு எதற்குச் சொட்டு மருந்து?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். எழுதியவர் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் பெண்மணி. அவருடைய அண்ணனுக்கு வயது 52. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தினமும் விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறார். படிக்கும் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தம் வலது 28, இடது 24 என்று எழுதி, இது கிளாக்கோமா, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டும் என்றார்களாம். ஒரு குப்பி தீர்ந்ததும் அண்ணன் நிறுத்திவிட்டார். வலி இல்லை, போர்டில் கடைசி வரி வரை படிக்கிறேன், எனக்கு பி.பி.யும் கிடையாது என்பது அவர் வாதம். இவர்களுடைய அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் தெரியாமல் போயிருக்கிறது. புரை முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இது என்ன நோய், எத்தனை வகை, ஆபரேஷன் செய்தால் தீர்ந்துவிடுமா என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அரசு கண் மருத்துவ உதவியாளராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலைக்கு மேலே முகாம்களுக்கும் போயிருக்கிறேன். மருந்தை முடிவு செய்வது டாக்டரின் வேலை. அண்ணனை மீண்டும் டாக்டரிடம் கூட்டிப் போவதற்கு உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைச் சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் எனக்குச் சந்தேகம் விழுந்தது. வெறும் புரையாக இருந்தால் யாரும் கைவிரிக்க மாட்டார்கள். எத்தனை வருடம் முற்றிக் கிடந்தாலும் புரையை எடுத்து லென்ஸ் வைக்கலாம், பார்வை திரும்பும். 'ஒன்றும் செய்ய முடியாது' என்ற பேச்சு வருகிறதென்றால் பெரும்பாலும் புரைக்குப் பின்னால் நரம்போ விழித்திரையோ கெட்டுப்போயிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இருந்தது கிளாக்கோமாவாக இருக்கலாம். புரையையே கவனிக்காமல் விட்டு, அது ஊதி, அதனால் அழுத்தம் ஏறிக் கெட்டதாகவும் இருக்கலாம். நம் பக்கம் புரை என்போம், குமுளி தாண்டினால் திமிரம் என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் வயதானவருக்குக் கண் தெரியவில்லை என்றால் எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது. 'முற்றட்டும், எடுத்துக்கொள்ளலாம்' என்று காத்திருப்பதும் அங்கிருந்து வரும் பழக்கம்தான். புரையில் காத்திருந்தால் பெரும்பாலும் நாள்தான் போகும். கிளாக்கோமாவில் போவது பார்வை, அது திரும்பி வராது.

அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். அவரிடம் பேசிப் பயன் இல்லை, ஒரு வேடிக்கை காட்டுங்கள். வெள்ளைத் தாளில் இரண்டு ஏலக்காயைப் பத்து சென்டிமீட்டர் தள்ளி, இடமும் வலமுமாக ஒட்டுங்கள். இடது கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது கண்ணால் இடப்பக்கக் காயை மட்டும் பார்த்தபடி, கையை நீட்டிப் பிடித்த தாளை மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரம் வரும்போது வலப்பக்கக் காய் காணாமல் போகும். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. காய் இருந்த இடத்தில் கறுப்பு ஓட்டை எதுவும் தெரியாது. வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும். பார்வை நரம்பு புறப்படும் அந்தப் புள்ளியில் நம் எல்லோருக்கும் பார்வை கிடையாது. இல்லாத இடத்தை மூளை சுற்றியிருப்பதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. போதாததற்கு இன்னொரு கண் அதை ஈடுகட்டுகிறது.

கிளாக்கோமாவில் நடப்பதும் இதுதான், ஆனால் அந்தக் குருட்டுப் புள்ளி வருடக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போகும். போர்டில் எழுத்து படிப்பது பார்வையின் நடு மையம். அது கடைசி வரை தப்பிக் கிடக்கும், ஓரம்தான் முதலில் போகும். முகாம் ஒன்றில் ஒரு பெரியவர் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்துவிட்டு, பெருமையாக எழுந்து, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொண்டார். எழுத்து எனக்கு எதையும் சொல்லவில்லை, ஸ்டூல்தான் சொன்னது. மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவருக்கு ஓரப்பார்வை எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. பனி இறங்கிய வளைவில், பக்கத்திலிருந்து லைட் போடாமல் வரும் பைக்கைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அடுத்தது அந்தப் 'பிரஷர்'. கண் அழுத்தத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெயரில்தான் உறவு. பி.பி. இல்லாதவருக்கும் கண் அழுத்தம் ஏறும். கண்ணுக்குள், ஐரிஸ் என்ற நிற வளையத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர். அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. இந்த நீர் பாப்பா, அதாவது அந்த வளையத்தின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளை வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிஸும் கண்ணின் முன்பக்கக் கண்ணாடித் திரையான கார்னியாவும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை வழியாக வடிந்து ரத்தத்தில் சேர்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் ஊரில் நீர்வரத்து, வெளியேற்றம் என்றால் குழந்தைக்கும் புரியும். வரத்து அப்படியே இருந்து வெளியேற்றம் குறைந்தால் மட்டம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தை நசுக்குகிறது. அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள் இருக்கின்றன. செத்த இழை மீண்டும் முளைக்காது.

முல்லைப் பெரியாறு அணைக்கு 142 அடி மாதிரி கண்ணுக்கு 21 என்று ஒரு கணக்கு இருக்கிறது. (இந்த உவமையை எல்லைக்கு அந்தப் பக்கம் சொன்னால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும், எனவே இங்கேயே நிறுத்துகிறேன்.) சாதாரணமாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை என்பார்கள். ஆனால் 21 ஒரு கோட்டைச் சுவர் இல்லை. 26 இருந்தும் பல வருடம் நரம்பு கெடாதவர்கள் உண்டு. 16 இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, சாதாரண அழுத்தக் கிளாக்கோமா என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. கார்னியா மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், தடித்ததாக இருந்தால் கூட்டிக் காட்டும். ஆகவே 28, 24 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நரம்பைப் பார்த்தார்களா என்பதே கேள்வி. சீட்டில் 'சி.டி.' என்று எழுதி 0.6, 0.8 என்பது போல ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். நரம்புத் தட்டின் நடுவில் இருக்கும் குழி, தட்டில் எவ்வளவு பங்கு என்பதுதான் அது. 0.3 சாதாரணம். 0.7, 0.8 என்றால் சந்தேகப்பட வேண்டும். இரண்டு கண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தாலும் சந்தேகம்தான். பிறவியிலேயே பெரிய குழியோடு நலமாக இருப்பவர்களும் உண்டு என்பதால் இதுவும் தனியாகச் சாட்சி சொல்லாது.

வகைகள் கேட்டிருந்தீர்கள். பெரிய பிரிவு இரண்டு. வடிகால் மூலை திறந்தே இருந்து, சல்லடை மட்டும் உள்ளுக்குள் தூர்ந்துபோவது திறந்த கோண வகை. சத்தமே போடாது. உங்கள் அண்ணனுக்கு இருப்பது அநேகமாக இதுவாக இருக்கும். மற்றது மூடிய கோண வகை. ஐரிஸ் முன்னால் தள்ளிவந்து அந்த மூலையையே அடைத்துவிடும். கண் சிறியதாக இருப்பவர்கள், தூரப்பார்வைக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்கள், நாற்பது ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஆசியர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதுவும் பெரும்பாலும் சத்தமில்லாமலே நடக்கும். சிலருக்கு மட்டும் ஒரே இரவில் வெடிக்கும்.

அந்த வெடிப்பை என் சொந்த அத்தையிடம் பார்த்தேன். 1989, நான் பயிற்சியில் இருந்த சமயம். அத்தை உடும்பன்சோலைப் பக்கம் ஒரு தோட்ட லயத்தில் இருந்து காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வாரமாகவே, சாயங்காலம் பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது, காலையில் சரியாகிவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் ராத்திரி ஒரு பக்கத் தலை பிளக்கும் வலி, அடக்க முடியாத வாந்தி. பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். மறுநாள் அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். கண் சிவந்திருந்ததை அழுததால் என்று நினைத்துவிட்டார்கள். நான்காம் நாள் ஜீப்பில் கீழே கொண்டுவந்தபோது கார்னியா, வாய்க்காற்று ஊதிய கண்ணாடி போல மங்கியிருந்தது. டார்ச் அடித்தேன். பாப்பா சுருங்கவில்லை. மூடிய இமை மேல் விரலை வைத்தேன். கோலிக்குண்டைத் தொட்டது போல இருந்தது. அந்தக் கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் முன்கூட்டியே ஐரிஸில் சிறு துளை போட்டார்கள். அந்தத் துளை காப்பாற்றிக் கொடுத்த அந்தக் கண்ணின் பார்வையோடு அத்தை சாகும் வரை இருந்தார்.

இதைத் தோட்டத்தில் இருக்கும் உங்களிடம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் பாப்பா விரியும். ஏற்கெனவே இடுக்கமான மூலை உள்ள கண்ணில், விரியும் ஐரிஸ் வழியை அடைக்கும். அந்தக் காலத்தில் இருட்டறையில் குப்புறப் படுக்கவைத்து அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனையே இருந்தது. மர நிழலில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பதால் இந்த நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைவலி, வாந்தி, சிவந்த கண், மங்கல், விளக்கைச் சுற்றி வளையம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது வயிற்று நோயோ ஒற்றைத் தலைவலியோ இல்லை என்று லயத்தில் நான்கு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், கண் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். அங்கே ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி, மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்து அழுத்தத்தை இறக்கி, பிறகு லேசரால் துளை போடுவார்கள். மறு கண்ணுக்கும் சேர்த்தே போடுவார்கள்.

மற்றவை வேறொரு காரணத்தின் பின்னால் வருகிறவை. அடிபட்ட கண், கட்டுப்படாத சர்க்கரையால் கண்ணுக்குள் புதிய ரத்தக்குழாய் முளைத்த கண், வயதானவர்களிடம் லென்ஸ் மேல் சாம்பல் போலத் துகள் படியும் கண் என்று பட்டியல் நீளும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஸ்டீராய்டு சொட்டு மருந்து. தூசி, மருந்தடிப்பு, அலர்ஜி என்று கண் சிவந்தால் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள். இரண்டே நாளில் கண் பால் போல வெளுத்துவிடும். அடுத்த முறை அதே குப்பியைக் காட்டி வாங்குவோம், அடுத்த வருடமும் வாங்குவோம். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் மாதிரிப் பெயர் அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிலருக்கு அது சில வாரங்களிலேயே அழுத்தத்தை ஏற்றிவிடும். அரிப்புக் கண்ணோடு வருடக்கணக்கில் இதைப் போட்டுக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் பார்வை இழந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் சிவப்புக்கு ஏதாவது போட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள்.

குழந்தைகளுக்கும் இது வரும். பிறந்த சில மாதத்தில் கண் பெரிதாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று கொஞ்சுவார்கள். அதே குழந்தைக்கு வெளிச்சம் கூசி, நீர் வடிந்து, கருவிழி மங்கலாக இருந்தால் அது அழகில்லை, பிறவிக் கிளாக்கோமா. அதற்கு முதல் வைத்தியம் ஆபரேஷன், அதுவும் உடனே. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் இதன் வாய்ப்பு கூடுகிறது.

அண்ணனை மறுபடி அழைத்துப் போகும்போது நான்கு காரியம் நடந்ததா என்று பாருங்கள். நீல வெளிச்சத்தில் கார்னியாவைத் தொட்டு அழுத்தம் அளப்பது முதலாவது. காற்று ஊதிப் பார்க்கும் மெஷின் சந்தேகமானவர்களைப் பிரித்தெடுக்க உதவும், முடிவுக்குத் தொட்டு அளப்பதுதான் வேண்டும். இரண்டாவது, கண்ணாடி பதித்த லென்ஸைக் கண் மேல் வைத்து மூலை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. மரத்துப்போகச் சொட்டு மருந்து போட்டுத்தான் செய்வார்கள், வலிக்காது. அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். இதைப் பார்க்காமல் என்ன வகை என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு பாப்பாவை விரித்து நரம்பைப் பார்ப்பது, கடைசியாகப் பார்வைப் பரப்புச் சோதனை. கிண்ணம் போன்ற மெஷினுக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அலுப்பூட்டும் சோதனை. முதல் முறை பலரும் சொதப்புவார்கள், இரண்டாம் முறைதான் கணக்கு. நரம்பிழைகளில் கால் பங்குக்கு மேல் போன பிறகுதான் இந்தச் சோதனையிலேயே குறை தெளிவாகத் தெரியும் என்பதால் ஸ்கேனும் எடுப்பார்கள்.

வைத்தியம் என்றால் இன்றைக்கு ஒன்றுதான், அழுத்தத்தை இறக்குவது. போன பார்வையை எந்த மருந்தும் தராது. சொட்டு மருந்து போட்டும் பார்வை கூடவில்லையே என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், உங்கள் அண்ணனைப் போல. கூடாதிருப்பது மருந்தின் குற்றமில்லை. இருப்பது அப்படியே இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சீக்கிரம் தொடங்குவதால் என்ன லாபம் என்பதற்கு எண் இருக்கிறது. நரம்பு கெடாமல் அழுத்தம் மட்டும் கூடியிருந்தவர்களை அமெரிக்காவில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்குக் கிளாக்கோமா வந்தது, மருந்து போட்டவர்களில் 4.4 பேருக்கு. ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வில், ஒவ்வொரு மில்லிமீட்டர் அழுத்தம் குறையும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து சதவீதம் குறைந்தது.

லாட்டனோபிராஸ்ட் வகை ராத்திரி ஒரு சொட்டு. கண் கொஞ்சம் சிவக்கும், இமைமுடி நீளும், இமையைச் சுற்றிக் கறுக்கும். டிமோலால் மலிவு, நல்ல மருந்து, ஆனால் வீசிங் இருப்பவருக்கும் நாடித்துடிப்பு குறைவாக இருப்பவருக்கும் ஆபத்து. கண்ணில் போடும் சொட்டுதானே என்று இதை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். போடும் முறையிலும் பாதி விஷயம் இருக்கிறது. கீழிமையை இழுத்துப் பை போலச் செய்து ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போகாமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம். குப்பியை ஜீப் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம், கம்பத்து மதிய வெயிலில் அது மருந்தாக இருக்காது. திறந்து ஒரு மாதம் ஆனால், மீதி இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

தினமும் போட மறப்பவர், போட முடியாதவர் என்றால் லேசரைப் பற்றிக் கேளுங்கள். திறந்த கோண வகையில் சல்லடைக்கே அடிக்கும் லேசர் ஒன்று இருக்கிறது, சில நிமிட வேலை. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அந்த லேசரில் தொடங்கியவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு மூன்று ஆண்டு வரை சொட்டு மருந்து இல்லாமலே சமாளித்தார்கள். அதன் பலன் நாளாவட்டத்தில் குறையலாம், எனவே அழுத்தம் பார்ப்பதை நிறுத்த முடியாது. ஆபரேஷன் என்பது நீருக்குப் புதிய வடிகால் வெட்டுவது. மருந்துக்கும் லேசருக்கும் அடங்காத கண்ணுக்கு அது. சிக்கலான கண்களுக்கு நுண்குழாய் பொருத்துவார்கள். மதுரையில் அரோலாப் நிறுவனம் குறைந்த விலையில் அதைத் தயாரிக்கிறது. ஆக, 'ஆபரேஷன் செய்தால் தீருமா' என்ற கேள்விக்குப் பதில்: அழுத்தம் அடங்கலாம், நோய் தீராது.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், இளநீர்க்குழம்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆயுர்வேதத்தோடு எனக்கு வழக்கு இல்லை. எரிச்சலோடு கண்ணீர் வடிவதை அழுத்தம் இறங்குவதாக எடுத்துக்கொண்டு சொட்டு மருந்தை விட்டவர்களோடுதான் எனக்கு வழக்கு. யோகா செய்கிறவராக இருந்தால் சிரசாசனம் வேண்டாம், தலைகீழாக நிற்கையில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதும் கொஞ்ச நேரத்துக்கு அதை ஏற்றும். நாள் முழுக்கப் பிரித்துக் குடிப்பதில் தவறில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் தென் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. உங்களுக்கு அண்ணனும் இருக்கிறார், சந்தேகத்துக்குரிய அம்மாவும் இருந்திருக்கிறார். கடிதம் முழுக்க அவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நீங்களும் நாற்பதைத் தாண்டியவராகவே இருப்பீர்கள். தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டுக் கீழே இறங்குங்கள். இரண்டு பேரும் ஒன்றாகத் தேனிக்குப் போய் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பழைய சீட்டு, போட்ட குப்பியின் அட்டை, மற்ற மாத்திரைகள் எல்லாம் பையில் இருக்கட்டும். ஜீப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். பாப்பாவை விரித்துவிட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், அண்ணனால் ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது.